பசியும் பிணியும்

2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் பாங்காக் நகரில் கூடிய சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் உலக மகாநாட்டில் ஒரு பழைய நோய் புதுப் பெயர் பெற்றது. இளமையில் போதிய உணவின்றி வளர்ந்த ஏழைகளுக்கு, தேகம் மெலிந்திருக்கும் நிலையிலேயே உண்டாகும் நீரிழிவை ‘ஐந்தாம் வகை’ என்று தனியே பிரித்து அச்சம்மேளனம் அங்கீகரித்தது. ஆசியா, ஆப்பிரிக்கா கண்டங்களிலே பெரும்பாலும் காணப்படும் இந்நோயால் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடி ஜனங்கள் வரை பீடிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று எண்ணி நமது அரசியல் ஊழியர்கள் இதைத் தாண்டிச் செல்லக் கூடும். அவ்வாறு தாண்டிச் செல்லலாகாது என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கு எடுத்துக்கூற விரும்புகிறோம்.

இந்நோயின் சரித்திரமே ஒரு பாடமாகும். 1955-ல் ஜமைக்கா தீவில், வழக்கமான இரு வகைகளிலும் அடங்காத ஒரு நீரிழிவு உண்டென்று வைத்திய உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முப்பது வருஷங்கள் கழித்து, 1985-ல், உலக சுகாதார ஸ்தாபனம் உணவுக் குறைவால் வரும் நீரிழிவைத் தனி வகையாகத் தன் ஜாபிதாவிற் சேர்த்தது. 1999-ல் அதே ஸ்தாபனம், போதிய சான்று இல்லையென்று கூறி, அப்பெயரை அடித்துவிட்டது. சான்று ஏன் இல்லை என்று கேட்பாரில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் உள்ள தேசங்களில் இந்நோய் அரிது. நோய் மலிந்த தேசங்களில் ஆராய்ச்சிக்குப் பணம் அரிது. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியினரும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலரும் கூடி, இந்நோயாளிகளின் தேக நிலை ஏனைய நீரிழிவுக்காரரின் நிலையினின்றும் வேறுபட்டது என்பதை 2022-ல் அளந்து காட்டிய பின்னரே விஷயம் மறுபடியும் சபைக்கு வந்தது. ஆக, இந்த ஏழையின் நோய் ஜாபிதாவில் இடமின்றி இருபத்தாறு வருஷங்கள் கிடந்தது. பெயரில்லாத நோய்க்குக் கணக்கில்லை. கணக்கில்லாத நோய்க்குச் சர்க்கார் பணம் ஒதுக்குவதில்லை.

நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்போருக்கு, நவீன நோய்க்கூறு சாஸ்திரத்தின் தந்தையென மதிக்கப்படும் ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்சோவின் வாழ்க்கையே விடையளிக்கும். 1848-ல் பிரஷ்ய ராஜ்யத்தின் மேல் சைலீஷியாப் பகுதியில் டைபஸ் என்னும் விஷ ஜுரம் பரவி ஜனங்கள் மாண்டபோது, சர்க்கார் அவரை அங்கே அனுப்பிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. மருந்துகளின் பெயரை எழுதிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்த அதிகாரிகளிடம், அப்பகுதியின் போலிஷ் ஜனங்களுக்குக் கல்வி வேண்டும், அவர்கள் தாய்மொழிக்கு அந்தஸ்து வேண்டும், வரிச்சுமை நியாயமாக்கப்பட வேண்டும், பூரண ஜனநாயகம் வேண்டும் என்று அவர் அறிக்கை கொடுத்தார். அரசியலில் ஈடுபட்டதன் பலனாக 1849-ல் பெர்லினில் அவர் வகித்த பதவிக்கு ஆபத்து வந்தது. வேறு நகரம் செல்ல நேரிட்டது. நோயின் இருப்பிடம் உடலின் அணுவறைகளே என்று 1858-ல் நூலெழுதி வைத்திய சாஸ்திரத்தை மாற்றியவரும் அவரே. அணுவறையை உற்று நோக்கிய கண், அரசாங்கத்தையும் உற்று நோக்கத் தவறவில்லை.

வைத்திய நூல்கள் நோய்களைப் பல இனங்களாகப் பிரிக்கின்றன. கிருமியால் தொற்றும் நோய் ஓர் இனம். கருவிலே அமைந்து பிறவியோடு வரும் நோய் மற்றோர் இனம். கணையம் முதலிய தனித்தனி உறுப்புகள் கெடுவதால் வருவன வேறு இனம். கற்போருக்கு இப்பிரிவு அவசியமே. ஆனால் நமது தேசத்தின் ஏழைக் குடிசையிலே இம்மூன்றும் ஒரே வாசல் வழியாக நுழைவதைக் காண்கிறோம். அவ்வாசலின் பெயர் பசி.

முதலில் கணையத்தை எடுத்துக்கொள்வோம். இரைப்பைக்குப் பின்னே, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில், நூறு கிராமுக்கும் குறைந்த எடையுடன் மறைந்து கிடக்கும் சுரப்பி அது. உண்ட உணவைச் சீரணிக்கும் நீரை நாள்தோறும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் அது சுரக்கிறது. அதனுள்ளே தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் சுமார் பத்து லட்சம் அணுத்திட்டுகளை 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர் கண்டார். நாயின் கணையத்தை நீக்கினால் அதற்கு நீரிழிவு உண்டாகிறது என்பதை 1889-ல் மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் நிரூபித்தனர். 1921-ல் கானடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்பவர்கள் அத்தீவுகளின் சாரமாகிய இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் சாகுந் தறுவாயிலிருந்த ஒரு சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் விலைக்கு டொரான்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். உலக ஜனங்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்று அவர்கள் கருதிய அம்மருந்தின் வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று மூன்றே கம்பெனிகளின் கையில் இருக்கிறது!

நீரிழிவு தனவந்தரின் நோய், உட்கார்ந்து உண்பவரின் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி யிருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி நமது தேசத்தில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு வந்திருப்பது, உடல் பருத்து, இன்சுலின் இருந்தும் அதற்குத் தேகம் கீழ்ப்படியாமையால் வரும் இரண்டாம் வகை என்பது உண்மையே. ஐந்தாம் வகையோ அதற்கு நேர்மாறு. தேகம் இன்சுலினுக்குக் கீழ்ப்படிகிறது; ஆனால் சுரக்கும் இன்சுலின் போதவில்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் வளரவேண்டிய தீவுகள் உணவின்றிக் குன்றியமையே அதற்குக் காரணமென்று கருதப்படுகிறது. இவ்வித்தியாசம் அறியாமல் மற்றவருக்குரிய அளவில் இன்சுலின் செலுத்தினால், ரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நோயாளி உயிரிழக்கவும் கூடும். அரைவயிற்றோடு வேலைக்குச் செல்லும் கூலியாளுக்கு இந்த அபாயம் இரட்டிப்பாகும். பெயர் வைப்பதில் உயிர் இருக்கிறது என்று நாம் கூறுவது இதனாலேயே.

இனி, கிருமி நோய்களுக்கு வருவோம். க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி. அதன்பின் அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் அதற்குத் தக்க மருந்து கிடைக்கவில்லை. வசதியுள்ளோர் மலைக்காற்றை நாடிச் சென்றனர். அவ்வாறு சென்றும் பிழையாதவர் பலர். ஸ்ரீமதி கமலா நேரு 1936-ல் ஸ்விட்சர்லாந்தின் லோஸான் நகரில் இந்நோயாலேயே உயிர் துறந்ததை நமது தேசம் மறவாது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியாசிடும் வந்தன. மருந்து கிடைத்தது, ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே?

இக்கேள்விக்கு உலகத்துக்கே விடையளித்த பெருமை சென்னைக்கு உரியது. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியிலும் மற்றொரு பகுதியினரை அவரவர் குடிசைகளிலுமே வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துச் சோதித்தது. குடிசைவாசிகளும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களுடைய வீட்டாருக்கும் அதிகமாக நோய் தொற்றவில்லை. 1959-ல் இம்முடிவு வெளிவந்ததும் மேல்நாடுகளிலுங்கூட மலைச் சிகிச்சாலயங்கள் மூடப்படலாயின. ஏழை இந்தியாவின் குடிசை, பணக்கார ஐரோப்பாவுக்கு வழிகாட்டிற்று.

ஆயினும் ஒரு வெற்றியைத் தவறாகப் படித்தால் அது தோல்விக்கு வித்தாகும். நல்ல ஆகாரமில்லாத குடிசைவாசியும் மருந்தினால் குணமடைந்தான் என்பது சென்னை கண்ட உண்மை. ஆகவே க்ஷயரோக ஒழிப்பில் ஆகாரம் முக்கியமில்லை என்பது அதிலிருந்து மற்றவர் செய்துகொண்ட அனுமானம். முன்னது நோய் கண்டவனைக் குணமாக்குவது பற்றியது. நோய் காணாதவனுக்கு அது வராமல் தடுப்பது வேறு விஷயம். கிருமி உள்ளே புகுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. எஞ்சியோரைக் காப்பது அவர்களுடைய தேக சக்தி. அச்சக்தி சோற்றிலிருந்து வருகிறது. இச்சிறு பேதத்தை மறந்து, மாத்திரையை மட்டும் நம்பி, நாம் அரை நூற்றாண்டைக் கழித்துவிட்டோம்.

ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு ஜில்லாக்களில் நடந்து 2023-ல் முடிவு வெளியான ஒரு பரிசோதனை இத்தவறைத் திருத்துகிறது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் வசித்த 10,345 பேரை ஆராய்ச்சியாளர்கள் இரு பகுதியாகப் பிரித்தனர். இரு பகுதியிலும் நோயாளிக்கு உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியில் மட்டும் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு, வைட்டமின் ஆகியவை கொடுக்கப்பட்டன. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 750 கலோரி அளவுதான். அவ்வீடுகளில் புதிதாக க்ஷயம் காண்பது நூற்றுக்கு நாற்பது என்ற அளவில் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் க்ஷயமோ ஏறக்குறைய பாதியாயிற்று. ஒரு புதுத் தடுப்பு மருந்து இப்பலனைத் தந்திருந்தால் உலகப் பத்திரிகைகள் யாவும் முதற் பக்கத்தில் முழங்கியிருக்கும். பருப்பும் அரிசியும் தந்தபடியால் முழக்கமில்லை!

2025-ம் வருஷத்துக்குள் க்ஷயரோகத்தை ஒழிப்போம் என்று 2018-ல் டில்லியில் பிரதம மந்திரி வாக்களித்தார். 2015-ம் வருஷத்தைவிடப் புதிய நோயாளிகளின் விகிதம் ஐந்தில் நான்கு பங்கு குறைய வேண்டும் என்பது உலக ஸ்தாபனம் 2030-க்கு வைத்த அளவு. அதை ஐந்து வருஷம் முன்னதாகவே அடைவதாக நமது சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 2015-ல் லட்சத்துக்கு 237 ஆயிருந்த விகிதம் 2024-ல் 187 ஆயிற்று. குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. மற்றப் பல தேசங்களைவிட இது வேகமான முன்னேற்றமே. அதற்காக உழைத்த சுகாதார ஊழியர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கெடு கடந்துவிட்டது, வாக்கு நிறைவேறவில்லை, உலகத்தின் க்ஷயரோகிகளில் நால்வரில் ஒருவர் இன்னும் நமது தேசத்தவரே. இதை ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொள்ளுதல் அடுத்த படிக்கு அவசியம்.

மூன்றாவதாக, பிறவி நோய்கள். இவை முன்வினைப் பயன் என்று கைவிடப்படுவது நமது வழக்கம். 1956-ல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசாமியும் அவர் கூட்டத்தாரும் தொடங்கிய ஆராய்ச்சி அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அவர் நோய்க்கூறு சாஸ்திர நிபுணர். கழுத்தில் கழலையும், பிறவியிலேயே புத்திக்குறைவும் செவிட்டுத்தன்மையும் மலிந்திருந்த அம்மலைப் பிரதேசத்தில், சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். ஆறு வருஷங்களில் அயோடின் உப்புக் கிடைத்த இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. தாயின் ஆகாரத்தில் இம்மியளவு அயோடின் இல்லாமையே சிசுவின் மூளையை முடக்குகிறது; அதை ஈடுசெய்ய ஒரு சிட்டிகை உப்புப் போதும். 1930-ல் தண்டியிலும் வேதாரணியத்திலும் உப்புக்காகச் சிறை புகுந்த தேசத்துக்கு, உப்பின் அரசியலைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கருவில் பட்ட பசி முதுமை வரை தொடர்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாமல் தடுத்தபோது, அங்கே கருவிலிருந்த சிசுக்கள் ஐம்பது வயதானபின் பரிசோதிக்கப்பட்டனர். மற்றவரைவிட அவர்களுடைய ரத்தம் சர்க்கரையைத் தாங்கும் சக்தி குன்றியிருந்தது. பிறப்புப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தமையால் ஹாலந்தில் இக்கணக்கு எடுக்க முடிந்தது. சில மாதப் பஞ்சத்தின் வடு இதுவென்றால், 1943-ன் வங்காளப் பஞ்சத்தையும், அதற்கு முன்னே அன்னிய ஆட்சியில் அடுக்கடுக்காக வந்த பஞ்சங்களையும் கருவிற் சுமந்த தாய்மார்களின் சந்ததியாகிய நமது நிலை என்னவென்று சிந்திக்க வேண்டும். பஞ்சம் போயிற்று, பற்றாக்குறை போகவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகை உடையவர்கள். நாளைய நோயாளிகள் இன்று அந்த வயிறுகளில் வளர்கிறார்கள்.

எல்லா நோய்க்கும் பசியே காரணமென்று நாம் வாதிப்பதாக எவரும் கருதவேண்டாம். பருத்த உடலாலும் நீரிழிவு வருகிறது. வயிறார உண்பவனையும் க்ஷயம் பற்றுகிறது. பெற்றோரின் மரபணு வழியே வரும் அரிவாள் அணு ரத்தசோகைக்கும் உணவுக்கும் சம்பந்தமில்லை. 1952-ல் நமது நீலகிரி மலைவாசிகளிடையேதான் அது இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கியதோ 2023-ல். இடையே கழிந்தன எழுபத்தொரு வருஷங்கள்! மரபணுவைச் சர்க்கார் சிருஷ்டிக்கவில்லை. எழுபத்தொரு வருஷத் தாமதம் நமது சிருஷ்டியே. ஐந்தாம் வகை நீரிழிவை ஜாபிதாவிலிருந்து அடித்த அதே மனப்பான்மை இங்கும் வேலை செய்திருக்கிறது. ஏழைக்கு வரும் நோயாயின் காத்திருக்கலாம் என்பதே அது.

நோய்கள் ஒன்றுக்கொன்று துணை போகின்றன என்பதையும் நோக்க வேண்டும். நீரிழிவு உள்ளவனுக்கு க்ஷயம் காணும் அபாயம் மற்றவனைவிட இரண்டு மூன்று மடங்கு. நீரிழிவில் கோடிக்கணக்கும் க்ஷயத்தில் லட்சக்கணக்கும் உள்ள நமது தேசத்தில், இரு நோய்களுக்கும் தனித்தனி இலாகாக்கள், தனித்தனிக் கணக்குகள் வைத்துப் போராடுவது, கூட்டுச் சேர்ந்து வரும் இரு பகைவரைத் தனித்தனியே எதிர்ப்பதை ஒக்கும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: க்ஷயரோகிக்கு மாதம் ரூ. 500 வீதம் 2018 முதல் அளிக்கப்பட்ட உணவுத் தொகை, 2024 நவம்பர் முதல் ரூ. 1,000 ஆயிற்று. நன்று. ஆனால் வீட்டாரின் உணவோ தர்மவான்களின் நன்கொடையை எதிர்நோக்கி நிற்கிறது. அதை உரிமையாக்கி, ரேஷன் கடை மூலமாக அரிசியோடு பருப்பும் கிடைக்கச் செய்ய வேண்டும். 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், துணையின்றி நிற்கும் சக்தி ஆகியவற்றைக் கொண்டே ஆபத்திலிருப்போரைப் பிரித்து உடனே ஆஸ்பத்திரியிற் சேர்க்கிறார்கள். ஒரு தராசு செய்யும் இவ்வேலை எல்லா மாநிலங்களிலும் பரவ வேண்டும். மெலிந்த இளைஞனுக்கு நீரிழிவு கண்டால் அது எவ்வகையென்று ஆராய்ந்த பிறகே மருந்தளவை நிர்ணயிக்கும் பயிற்சி ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியர்களுக்கு அளிக்கப்பட வேண்டும். கர்ப்ப ஸ்திரீயின் தட்டில் உணவு இருக்கிறதா என்பது சுகாதார இலாகாவின் முதற் கணக்காக வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைச் சர்க்கார்கள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கையிலே எழுதி, அதற்கும் 2025-ஐயே கெடுவாக வைத்தவர்கள் அவர்களே. 2021-22 கணக்கில் அது 1.84 பங்காக இருந்தது. வேறெவரிடமும் யாசிக்கச் சொல்லவில்லை. தாங்கள் எழுதிய எழுத்தைத் தாங்களே மதிக்க வேண்டுமென்றுதான் கேட்கிறோம்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. வோட்டுக் கேட்டு வீடு வீடாகச் செல்லும் நாம், அவ்வீட்டில் இருமுவது யார், அடுப்பு எரிந்ததா, கர்ப்பிணிக்கு எடை கூடியதா என்று கேட்டதுண்டா? 1947-ல் கொடியை ஏற்றினோம். அக்கொடியின்கீழ் நிற்பவனுடைய உடம்பு இன்னும் அன்னிய ஆட்சியின் பசியைச் சுமந்துகொண்டிருக்கிறது. அவனைத் துணையின்றி நிமிர்ந்து நிற்கச் செய்வது எஞ்சியுள்ள சுயராஜ்ய வேலை. அதற்கு அன்னியரிடம் அனுமதி கேட்கவேண்டிய காலம் போய்விட்டது. இனியும் தாமதித்தால் குற்றம் சாட்டப்பட வேண்டியவர்கள் நாமே.